மஞ்சளுக்கு ஒரு வழி, நிலவேம்புக்கு ஒரு வழி: புரதத்தோடு ஒட்டுவதை எந்த முறையில் அளப்பது?

நான் பிறந்தது பீடோங்கில், ஹார்வர்ட் தோட்டத்தில். கோலாலம்பூரில் யாராவது எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் "ஹார்வர்டில்" என்று சொல்லி ஒரு நிமிடம் அனுபவித்துவிட்டு, அப்புறம்தான் "தோட்டத் தமிழ்ப்பள்ளி" என்பேன். அதே பக்கத்தில் வளர்ந்த அண்ணன் மகள் இப்போது முதுகலை ஆய்வுக்குப் பதிந்திருக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாற வந்தவள், ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்: "சித்தப்பா, ஒரு மூலிகைச் சத்து புரதத்துல ஒட்டுதான்னு பார்க்க ஃபுளோரசன்ஸ் மட்டும் போதுமா? இல்ல பினாங்குக்குப் போய் ஐடிசி செஞ்சாதான் ஒத்துக்குவாங்களா?"

ஃபுளோரசன்ஸ் ஒளிர்வை அளப்பது, ஐடிசி சூட்டை அளப்பது. அவள் எடுத்திருக்கும் பொருள்கள் இரண்டு. ஒன்று மஞ்சளில் இருக்கும் குர்குமின். இன்னொன்று நிலவேம்பில் இருக்கும் ஆண்ட்ரோகிராபோலைடு. மலாய்க்காரர்கள் நிலவேம்பை ஹெம்பெடு பூமி, அதாவது பூமியின் பித்தநீர் என்கிறார்கள். ஒரு தடவை குடித்துப் பார்த்தவர்கள் அந்தப் பெயரோடு சண்டைக்குப் போக மாட்டார்கள். இந்த இரண்டும் ரத்தத்தில் இருக்கும் அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டுகின்றனவா, எவ்வளவு இறுக்கமாக, எந்த இடத்தில் என்பதுதான் அவள் கேள்வி. ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் வரை அல்புமின் இருக்கிறது. உள்ளே போகும் பல மருந்துகள் இதன் முதுகில் ஏறித்தான் ஊர் சுற்றும். வார்ஃபரின் என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தில் 99 சதவீதம் இப்படி ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

அவளுடைய கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் இதே கேள்விக்கு நானே தவறான பதிலைப் பிடித்துக்கொண்டு தொங்கியவன்.

முதலில் அல்புமினைப் பற்றி இரண்டு வார்த்தை. மனித அல்புமின் 585 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. எடை சுமார் 66,500 டால்டன். அவ்வளவு நீளத்தில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் ஒரே ஒரு இடத்தில், 214-ஆவது எண்ணில் இருக்கிறது. 295 நானோமீட்டர் புற ஊதா ஒளியை உள்ளே விட்டால் அந்த ஒன்று மட்டும் ஒளியை வாங்கி, 340 நானோமீட்டர் பக்கத்தில் திருப்பிக் கொடுக்கும். ஒரு பெரிய லயத்தில் ஒரே ஒரு வீட்டில் விளக்கு எரிகிற மாதிரி. அந்த வீட்டுப் பக்கம் யாராவது வந்து உட்கார்ந்தால் வெளிச்சம் குறையும். குறைவதை அளந்தால் வந்தவரைப் பற்றித் தெரியும். ஃபுளோரசன்ஸ் தணிப்பு முறையின் கதை இவ்வளவுதான். மாட்டு அல்புமினில் இப்படி இரண்டு டிரிப்டோபான். அவற்றில் ஒன்று வெளிப்பக்கமாக இருக்கிறது. விலை குறைவு என்பதால் எல்லோரும் மாட்டு அல்புமினில்தான் கை பழகுவார்கள். இதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் அம்மா, "மாட்டு ரத்தத்தைத் தொட்டுட்டு அப்படியே சமையல்கட்டுக்கு வராதே" என்று பேத்தியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தணிப்பு முறையில் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. புரதம் 2 மைக்ரோமோலார் இருந்தால் போதும். கரைசலை ஊற்றி ஒளிக்கு முன்னால் வைக்கும் சின்னப் பெட்டிதான் குவெட். 3 மில்லிலிட்டர் குவார்ட்ஸ் குவெட்டுக்குக் கணக்குப் போட்டால் 0.4 மில்லிகிராம். ஒரு கிராம் புட்டியை வைத்துக்கொண்டு இரண்டாயிரத்துச் சொச்சம் குவெட் நிரப்பலாம். கருவி எங்கள் ஊர்ப்பக்கத்து ஆய்வகத்திலேயே இருக்கிறது. ஒரு நாள் காலையில் ஒரு முழு வரிசையை முடித்துவிடலாம். இவ்வளவு வசதி இருப்பதால்தான் இந்த முறையில் இத்தனை கட்டுரைகள் வருகின்றன, இத்தனை தவறுகளும் வருகின்றன.

தவறு எங்கே வருகிறது என்று அவளுக்குக் காட்ட, சுங்கைப் பட்டாணி சூப்பர்மார்க்கெட்டிலிருந்து ஒரு போத்தல் டானிக் வாட்டர் வாங்கி வந்தேன். அதில் குயினைன் இருக்கிறது. தாத்தா காலத்தில் தோட்டத்தில் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுத்த அதே கசப்பு. ஒளிர்வுக்கு ஃபுளோரசன்ஸ் என்று பெயர் வைத்த ஸ்டோக்ஸ் 1852-இல் வேலை செய்த பொருள்களிலும் குயினைன் உண்டு. சமையல்கட்டு விளக்கை அணைத்துவிட்டு, கள்ள நோட்டுப் பார்க்கும் சின்ன டார்ச்சைக் கண்ணாடிக் கோப்பையில் அடித்தோம். வெறும் தண்ணீர் போலிருந்தது நீலமாக எரிந்தது. அதில் ஒரு தேக்கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கினேன். நீலம் கண்ணெதிரே மங்கியது.

"பார்த்தியா, உப்பு குயினைன்ல ஒட்டிக்கிச்சு" என்றேன், வேண்டுமென்றே.

"இல்ல சித்தப்பா, குளோரைடு வந்து மோதிட்டுப் போகுது" என்றாள். படித்திருக்கிறாள். ஒளிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறின் மேல் குளோரைடு அயனி மோதி அதன் சக்தியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறது. கூட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. ஆனாலும் வெளிச்சம் குறைகிறது.

அடுத்து, உப்புப் போடாத இன்னொரு கோப்பையை எடுத்து, டார்ச்சுக்கும் அதற்கும் நடுவில் அவள் குடித்துக்கொண்டிருந்த தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர் கிளாஸை வைத்தேன். மறுபடி மங்கல். இந்தத் தடவை கோப்பைக்குள் எதுவுமே போடவில்லை. தேநீர் புற ஊதாவைக் குடித்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆக, வெளிச்சம் குறைய மூன்று காரணம்: மோதல், ஒட்டல், நிழல். நமக்கு வேண்டியது நடுவில் இருப்பது மட்டும். கருவியோ மூன்றையும் ஒரே எண்ணாகக் கூட்டித்தான் காட்டும்.

மோதலைப் பிரிப்பதற்கு வழி இருக்கிறது. ஸ்டெர்ன், வோல்மர் என்ற இருவரும் 1919-இல் கொடுத்த சமன்பாட்டை வைத்து, பொருளின் செறிவு கூடக்கூட வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்று கோடு போடுவார்கள். அந்தச் சரிவை டிரிப்டோபானின் ஒளிர்வு ஆயுளால் வகுக்க வேண்டும். அல்புமினில் அது ஏறக்குறைய 6 நானோவினாடி. சரிவு ஒரு லட்சம் என்று வந்தால், வகுத்த விடை 10-இன் 13-ஆம் அடுக்கைத் தாண்டும். தண்ணீரில் இரண்டு மூலக்கூறுகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து மோதும் வேகத்தின் உச்சமே 10-இன் 10-ஆம் அடுக்கு வாக்கில்தான். அதைவிட ஆயிரம் மடங்கு வேகமாக யாரும் மோத முடியாது. ஆகவே முன்பே ஒட்டிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும் என்பது வாதம். சூட்டைக் கூட்டியும் பார்க்கலாம். மோதலாக இருந்தால் சூட்டில் தணிப்பு கூடும். ஒட்டலாக இருந்தால் பொதுவாகக் குறையும்.

நல்ல வாதம்தான். ஆனால் அது நிழலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. நிழலும் சரிவை ஏற்றும். நிழலுக்கு மோதல் வேகமும் தெரியாது, ஒட்டலும் தெரியாது.

என் சொந்தக் கதை இங்கேதான் வருகிறது. என் முதுகலையில் நான் எடுத்தது செம்மஞ்சள் நிறத்தில் ஒரு தாவரச் சத்து. ஒவ்வொரு சொட்டுக்கும் வெளிச்சம் படிப்படியாக இறங்கியது. கோடு அப்படி ஒரு நேர்க்கோடு. படத்தைச் சட்டம் போட்டு மாட்டாத குறைதான். வாய்மொழித் தேர்வில் ஒரு பெரியவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, கடைசிக் குவெட்டின் உறிஞ்சல் எவ்வளவு?" கரைசலே எவ்வளவு ஒளியைக் குடிக்கிறது என்ற அந்த அளவை நான் அளக்கவே இல்லை. எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அளக்கச் சொன்னதில்லை. பிறகு அளந்தபோது, 295-இலும் 340-இலும் சேர்த்து 0.4 வந்தது. திருத்தக் கணக்கு எளியது: இரண்டு உறிஞ்சலையும் கூட்டிப் பாதியாக்கி, 10-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி, கிடைத்த ஒளியோடு பெருக்க வேண்டும். 0.4-க்கு அது 1.58. அதாவது எந்த ஒட்டலும் நடக்காமலே, 100 ஆக இருந்த வெளிச்சம் 63 ஆகத் தெரிந்திருக்கும். என் நேர்க்கோட்டில் பெரும்பகுதி தே ஓ கிளாஸ்தான். ஆறு மாத வேலை திரும்ப.

அதனால் நிறமுள்ள பொருளோடு தணிப்பு முறைக்குப் போகிறவர்களிடம் நான் இரண்டு வேலையைக் கட்டாயம் செய்யச் சொல்வேன். ஒன்று, ஒவ்வொரு சொட்டுக்குப் பிறகும் உறிஞ்சலையும் எடுத்துத் திருத்துவது. கூட்டுத்தொகை 0.1-க்குள் இருந்தால்கூட 12 சதவீதம் வரை திருத்தம் வரும். அதற்கு மேலே போகப்போகத் திருத்தத்தையே நம்ப முடியாது. இரண்டாவது, புரதமே இல்லாமல், டிரிப்டோபான் மட்டும் கரைத்த கரைசலில் அதே சொட்டுகளைப் போட்டுப் பார்ப்பது. அங்கேயும் வெளிச்சம் அதே அளவு இறங்கினால், இதுவரை புரதத்தில் பார்த்தது பெரும்பாலும் நிழல்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த புரதக் கரைசலை நேராகக் குவெட்டில் ஊற்றினால், ஜெராய் மலையடிவாரத்துக் காற்றுக்கு அதன் வெளிப்பக்கம் ஐந்தே விநாடியில் வேர்த்துவிடும். ஒளி சிதறும், எண் ஆடும். கரைசல் அறைச்சூட்டுக்கு வந்த பிறகு துடைத்துத்தான் உள்ளே வைக்க வேண்டும். அதே மாதிரி, 295-இல் ஒளி விட்டால் வெறும் தண்ணீரே 328 நானோமீட்டர் பக்கத்தில் ஒரு சின்ன மேடு காட்டும். அது ராமன் சிதறல், புரதம் இல்லை. புரதம் கரைக்கப் பயன்படும் வெறும் பஃபர் கரைசலை ஓட்டிக் கழித்துவிட வேண்டும். தினமும் காலையில் அந்த மேட்டின் உயரத்தைக் குறித்து வைத்தால், செனான் விளக்கு கிழடு தட்டுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொரு வழக்கத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. வெளிச்சக் குறைவை இரட்டை மடக்கைப் படமாகப் போட்டு, சரிவு 1.1 வந்தது, ஆகவே ஒட்டும் இடம் ஒன்று என்று எழுதுகிறார்கள். அந்தச் சரிவு இடங்களின் எண்ணிக்கை இல்லை. அதோடு, கணக்கில் போட வேண்டியது ஒட்டாமல் மிதக்கும் பொருளின் செறிவு. இவர்கள் போடுவது ஊற்றிய மொத்தச் செறிவு. அப்புறம் 25, 30, 37 டிகிரி என்று மூன்று சூட்டில் எடுத்து, அந்தப் பன்னிரண்டு டிகிரி இடைவெளியை நம்பி வெப்ப இயக்கவியல் முழுவதையும் எழுதி, ஹைட்ரஜன் பிணைப்பா நீர்வெறுப்பு விசையா என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். மூன்று புள்ளியில் கோடு போட எந்தக் குழந்தைக்கும் முடியும்.

எங்கள் அப்பா பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர். வாளியில் வரும் ரப்பர் பாலில் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று அந்த இடத்திலேயே சொல்வார். ரப்பர் தண்ணீரைவிட லேசு. பால் கெட்டியாக இருந்தால் மெட்ரோலாக் ஆழமாக இறங்கும். வேகமான வேலை, வரிசையில் நிற்பவர்களை அனுப்ப அதுதான் வழி. ஆனால் மெட்ரோலாக் ரப்பரைத் தொட்டுப் பார்ப்பதில்லை, அடர்த்தியைத்தான் பார்க்கிறது. சந்தேகம் வந்தால் ஒரு சாம்பிளை உறையவைத்து, உருட்டி, காயவைத்து நிறுப்பார்கள். தணிப்பு முறை மெட்ரோலாக் மாதிரி. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நிறுத்துப் பார்க்காமல் சம்பளம் போடாதே என்றுதான் சொல்வேன்.

சரி, மற்ற வழிகள்.

பொருளே ஒளிர்ந்தால் புரதத்தின் விளக்கைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. குர்குமின் அப்படிப்பட்டது. தண்ணீரில் இருக்கும்போது மங்கலாகத்தான் ஒளிரும். அல்புமினின் எண்ணெய்ப் பசையான பொந்துக்குள் போனதும் பளிச்சென்று கூடும். ஒளியின் நிறமும் 540-550 பக்கத்திலிருந்து 500 பக்கம் நகரும். இங்கே வெளிச்சம் குறையவில்லை, கூடுகிறது. கூடுகிற வெளிச்சத்தை நிழல் போலியாகச் செய்ய முடியாது என்பது பெரிய நிம்மதி. செய்முறையும் தலைகீழ்: குர்குமினை 1 மைக்ரோமோலாரில் நிறுத்திவிட்டு, புரதத்தைக் கூட்டிக்கொண்டே போவது. குர்குமின் 425 நானோமீட்டர் வாக்கில் பலமாக உறிஞ்சும் பொருள்தான். ஆனாலும் 1 மைக்ரோமோலாரில் அந்த உறிஞ்சல் 0.05 பக்கத்தில்தான் நிற்கும்.

சிக்கல் வேறு இடத்தில். பிஎச் 7.2, 37 டிகிரி பஃபரில் போட்டால் அரை மணி நேரத்தில் 90 சதவீதம் குர்குமின் சிதைந்துவிடும். 1997-இலேயே வெளிவந்த விஷயம் இது. அதைத் தெரியாமல், காலையில் கரைத்த குர்குமினை மத்தியானம் வரை வைத்து அளப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். அவர்கள் அளப்பது குர்குமினின் பிணத்தை. அல்புமினோடு சேர்ந்துவிட்டால் சிதைவு நன்றாகத் தாமதமாகும். ஆகவே ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாகக் கலந்து, நேரம் குறித்து, சில நிமிடங்களுக்குள் படித்துவிட வேண்டும். ஒரே குவெட்டில் சொட்டுச் சொட்டாகப் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

எந்த இடத்தில் ஒட்டுகிறது என்ற கேள்விக்கு இடம்பெயர்ப்பு முறை. அல்புமினில் மருந்துகள் உட்காரும் முக்கியமான இடங்கள் இரண்டு என்று சட்லோவும் கூட்டாளிகளும் 1975, 1976 ஆண்டுகளில் ஒளிரும் டான்சில் பொருள்களை வைத்துக் காட்டினார்கள். முதல் இடத்து அடையாளம் வார்ஃபரின், இரண்டாம் இடத்துக்கு இபுப்ரோஃபென். நம் டிரிப்டோபான் 214 இருப்பது முதல் இடத்தின் பக்கத்தில். வார்ஃபரின் அல்புமினில் உட்கார்ந்தால் ஒளி கூடும். நம் பொருள் வந்து அதைத் தள்ளினால் ஒளி குறையும். பஸ்ஸில் ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்கார முடியும் என்ற நம்பிக்கையில் நிற்கும் முறை இது. உண்மையில் பின் சீட்டில் ஒருவர் உட்கார்ந்ததில் முன் சீட்டு ஆடி, அங்கிருந்தவர் எழுந்துகொள்வதும் நடக்கிறது. அல்புமின் அவ்வளவு வளையக்கூடிய புரதம். அதோடு வார்ஃபரினை 320 நானோமீட்டரில் தூண்டி 380 பக்கத்தில் பார்க்க வேண்டும். குர்குமின் அங்கேயும் நிழல் விழுத்தும். நிலவேம்புச் சத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

முனைவாக்கம் பார்க்கும் முறையும் இருக்கிறது. சின்ன மூலக்கூறு வேகமாகச் சுழலும், பெரிய புரதத்தில் ஒட்டினால் மெதுவாகச் சுழலும். வெளிவரும் ஒளியின் முனைவில் அந்த வித்தியாசம் தெரியும். அழகான முறை. ஆனால் ஒளிராத ஆண்ட்ரோகிராபோலைடுக்கு ஃபுளோரசீன் போன்ற ஒரு வாலைக் கட்ட வேண்டும். 350 டால்டன் எடையுள்ள பொருளுக்கு அதே அளவு எடையில் வால். அப்புறம் ஒட்டுவது பொருளா, வாலா? எங்கள் ஆய்வகத்துக் கருவியில் முனைவுத் தகடும் கிடையாது. விட்டுவிட்டோம்.

ஐடிசி என்ற வெப்ப அளவு முறைதான் அவள் மனதில் இருந்தது. ஒட்டும்போது வெளிவரும் அல்லது உள்வாங்கும் சூட்டை நேரடியாக அளக்கிறது. விளக்கும் வேண்டாம், நிறமும் தடை இல்லை. ஒரே ஓட்டத்தில் இறுக்கம், எத்தனை இடம், வெப்ப மாற்றம் மூன்றும் கிடைக்கும். சாம்பிளை உருட்டிக் காயவைத்து நிறுப்பது மாதிரி. ஆய்வேட்டில் அது இருந்தால் கேள்வி கேட்பவர் குரல் தானாக இறங்கும். அதனால்தான் எல்லோருக்கும் அதன்மேல் ஒரு கண்.

ஆனால் அது செறிவு கேட்கிறது. வழக்கமாகக் கருவியின் கலத்தில் புரதம் 30 முதல் 50 மைக்ரோமோலார், அதற்குள் சொட்டுச் சொட்டாக விடும் சிரிஞ்சியில் பொருள் அதைப்போல் பத்து மடங்கு. குர்குமினும் சரி, நிலவேம்புச் சத்தும் சரி, வெறும் தண்ணீரில் அந்த அளவுக்குக் கரையவே கரையாது. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானை ஊற்றிக் கரைத்தால், சிரிஞ்சியிலும் கலத்திலும் அதன் அளவில் ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் அது கலக்கும் சூடு ஒட்டலின் சூட்டை மூழ்கடித்துவிடும். இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு: ஆளை மாற்றி உட்கார வைப்பது. அல்புமின் தண்ணீரில் தாராளமாகக் கரையும் புரதம். 300 மைக்ரோமோலார் என்றால் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம்தான், ரத்தத்தில் அதைவிடக் கூடுதல். அதைச் சிரிஞ்சியில் வைத்து, பொருளை 30 மைக்ரோமோலாரில் கலத்தில் வைக்கலாம். நிலவேம்புச் சத்துக்கு இது சரிப்பட்டு வரும். குர்குமினுக்கு வராது. ஓட்டம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கலத்தில் காத்திருக்கும் குர்குமின் உயிரோடு இருக்காது.

தங்கத் தகட்டில் புரதத்தை ஒட்டவைத்து, பொருள் வருவதையும் போவதையும் பார்க்கும் எஸ்பிஆர் எங்கள் கைக்கு எட்டாதது. ஒட்டும் வேகமும் விலகும் வேகமும் வேண்டும் என்பவர்களுக்கு அது. இவள் கேள்வியில் வேகம் இல்லை.

யாரும் பெரிதாகப் பேசாத ஒரு முறையை நான்தான் எடுத்து வைத்தேன்: சமநிலை டயாலிசிஸ். 12,000 முதல் 14,000 டால்டன் வரை விடும் சவ்வுப்பையில் புரதத்தைக் கட்டி, பொருள் கரைந்த பஃபரில் தொங்கவிட்டு ராத்திரி முழுக்க ஆட்ட வேண்டியது. 66,500 டால்டன் புரதம் வெளியே வராது. 350 டால்டன் பொருள் இரண்டு பக்கமும் போய் வரும். காலையில் பைக்கு வெளியே எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று எச்பிஎல்சி என்ற பிரித்தளக்கும் கருவியில் பார்த்தால், ஒட்டாமல் திரியும் அளவு நேரடியாகக் கையில். இரட்டை மடக்கைக்காரர்கள் கணக்கில் விட்டது எதுவோ அதையே இந்தப் பழைய முறை அளந்து கொடுக்கிறது. விளக்கு, நிழல், மோதல் எதுவும் கிடையாது. பொறுமையும் ஒரு ஆட்டும் மேசையும் போதும். புரதம் இல்லாத ஒரு பையையும் கூடவே தொங்கவிட வேண்டும், சவ்வே பொருளைத் தின்கிறதா என்று பார்க்க. குர்குமினுக்கு இதுவும் ஆகாது. ராத்திரி முழுவதும் என்பது அதற்கு ஏழு ஜென்மம்.

"கம்ப்யூட்டர்ல டாக்கிங் போட்டா?" என்று கேட்டாள். போடலாம், மென்பொருள் இலவசம், அல்புமினின் வடிவமும் பொதுவில் கிடைக்கிறது. எங்கே உட்கார வாய்ப்பு என்று ஒரு யோசனை சொல்லும். ஆனால் அது சொல்லும் எண்ணை அளந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒத்துப்போகிறது என்று எழுதுவதை மட்டும் செய்யாதே என்றேன். ஜோசியரும் கல்யாணத் தரகரும் ஒரே ஆளாக இருக்கிற கதை அது.

ரொட்டி ஆறிப்போன பிறகு ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் முடிவை எழுதினோம். எழுதிப் பார்த்ததும் எனக்கே ஒன்று பிடிபட்டது. எந்த முறை நல்லது என்று அவளும் நானும் ஒரு மணி நேரமாகப் பேசியிருக்கிறோம். முடிவைத் தீர்மானித்ததோ கருவிகள் இல்லை, அந்த இரண்டு பொருள்களின் குணம்.

நிலவேம்புச் சத்துக்கு நிறமில்லை. அது உறிஞ்சுவது 225 நானோமீட்டர் பக்கத்தில், 295-இல் கைவைப்பதில்லை. ஆகவே தணிப்பு முறையை அதற்குத் தைரியமாகச் செய்யலாம், உறிஞ்சலை மட்டும் பெயருக்குச் சரிபார்த்துக்கொண்டால் போதும். வெளிச்சம் குறைந்தால் நல்லது. குறையாவிட்டால் ஒட்டவில்லை என்று எழுதிவிடக் கூடாது. விளக்கில்லாத வீட்டில் போய் உட்கார்ந்திருக்கலாம். இரண்டு நிலையிலும் அடுத்தது டயாலிசிஸ். அதில் வரும் இறுக்கமும் தணிப்பில் வரும் இறுக்கமும் ஏறக்குறைய ஒன்றானால், பினாங்கில் ஒரே ஒரு நாள் ஐடிசிக்கு முன்பதிவு. ஒத்துப்போகாவிட்டால் பாலம் தாண்டும் செலவுக்கு முன்னால் ஏன் என்று இங்கேயே தேட வேண்டும்.

குர்குமினுக்குத் தணிப்பு வேண்டாம் என்று எழுதிக் கீழே கோடிட்டேன். அவளுக்கு மனசில்லை. தணிப்புப் படம் இல்லாமல் கட்டுரையை ஏற்றுக்கொள்ளமாட்டார்கள், எல்லோரும் அதைத்தானே போடுகிறார்கள் என்றாள். அதுவும் நியாயம்தான், என் கோபத்துக்காக அவள் ஆய்வேட்டை நான் பலி கொடுக்க முடியாது. சரி, ஒரு சமரசம்: 4 மில்லிமீட்டர் அகலக் குவெட்டில், 5 மைக்ரோமோலாருக்கு மேல் போகாமல், டிரிப்டோபான் ஒப்பீட்டோடு ஒரு படம். முக்கிய எண் குர்குமினின் சொந்த ஒளியிலிருந்து வரட்டும். கை பழக மாட்டு அல்புமின், கடைசி வரிசைக்கு மட்டும் மனித அல்புமின், அதுவும் கொழுப்பமிலம் நீக்கியது. சாதாரண அல்புமினில் கொழுப்பமிலம் ஏற்கெனவே சீட்டைப் பிடித்து உட்கார்ந்திருக்கும்.

போன வியாழக்கிழமை மத்தியானம், இடி இடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஆய்வகத்திலிருந்து ஒரு படம் அனுப்பினாள். புரதமே இல்லாத டிரிப்டோபான் கரைசலில் குர்குமின் சொட்டுகள். கோடு படிப்படியாக இறங்குகிறது. கீழே ஒரு வரி: "சித்தப்பா, தே ஓ."

பினாங்குக்கு அடுத்த மாதம் தேதி கிடைத்திருக்கிறது. நிலவேம்பை மட்டும் எடுத்துக்கொண்டு, மஞ்சளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.